நூலுக்கு நிறம் சேர்ப்பது எப்படி: பின்னல், குரோஷே, எம்பிராய்டரி, ஒயர் கூடைக்கு ஒரு முழு வழிகாட்டி

போன மார்கழியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, தன் அக்கா குழந்தைக்குப் பின்னிய தொப்பியோடு வந்து நின்றாள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் சேர்ந்து பின்னுவோம். அந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவள். அரக்குச் சிவப்பில் தொப்பி, அதைச் சுற்றிப் பாசிப்பச்சையில் சின்னச் சின்ன இலைகள். ஒரு மாத உழைப்பு. கண்ணிகள் எல்லாம் ஒரே சீர். ஆனால் நாலடி தள்ளி நின்று பார்த்தால் இலைகளைக் காணோம். தொப்பி முழுக்க ஒரு பழுப்பு மூட்டம்தான் தெரிந்தது.

“அக்கா, கடையில ரெண்டு உருண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். அவ்ளோ அழகா இருந்துது. பின்னினதும் ஏன் இப்படி ஆயிடுச்சு?”

அவள் போனிலேயே தொப்பியை ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டினேன். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிட்டன. இலை இருந்த சுவடே இல்லை. அவள் படத்தையும் தொப்பியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவதில் பாதி அந்த ஒரு படத்தில் இருக்கிறது. நாம் நூல் வாங்கும்போது நிறத்தின் பெயரைப் பார்க்கிறோம்: சிவப்பு, பச்சை, நீலம். பெயருக்கு முன்னால் பார்க்க வேண்டியது அது எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பதை. மீதிப் பாதி, நமக்கு ஏற்கெனவே தெரிந்தது. புடவை எடுத்துப் பழகிய கண்ணுக்கு நிறப் பொருத்தம் புதிதில்லை. அந்தக் கண்ணை நூல் கடைக்கும் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

1. யாருக்கு, எங்கே

நூலைத் தொடுவதற்கு முன் இந்த இரண்டையும் முடிவு செய்துவிடுங்கள். புதுச்சேரியிலும் கடலூரிலும் ஸ்வெட்டர் போடுகிற குளிர் வருவதில்லை. நம் பக்கத்தில் பின்னுவது பெரும்பாலும் குழந்தைத் தொப்பி, காலுறை, தொட்டில் போர்வை, வாசல் தோரணம், மேஜை விரிப்பு, கைப்பை, பொம்மை. வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு மப்ளர். உடம்பில் படுவதற்குப் பருத்தி நூல், சும்மா தொங்குவதற்கு அக்ரிலிக் என்று வைத்துக்கொண்டால் போதும்.

இடம் நிறத்தை மாற்றும். கிழக்குப் பார்த்த வாசலில் தொங்கும் தோரணம் தினமும் வெயில் குடிக்கும். நிறம் வெளுக்கத்தான் செய்யும். அதனால் தோரணத்துக்கு எடுத்த எடுப்பிலேயே மெல்லிய ரோஜா நிறம், இளநீலம் என்று போகாதீர்கள். கைக்குழந்தைக்கு வெளிர் நிறங்கள்தான் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. பார்க்க மென்மையாக இருக்கும், உண்மைதான். ஆனால் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் கண்ணில் முதலில் படுவது அழுத்தமான வெளிர்-அடர் வித்தியாசம். தொட்டிலுக்கு மேலே தொங்கவிடும் கிளியைப் பின்னுவதாக இருந்தால் அதை நினைவில் வையுங்கள்.

2. வெளிரா, அடரா: போன் சோதனை

எடுத்த உருண்டைகளைப் பகல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் படம் எடுங்கள். போனில் படத்தைத் திருத்தும் இடத்தில் நிறச் செறிவைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். அல்லது கறுப்பு வெள்ளை ஃபில்டர் போடுங்கள். இப்போது சாம்பல்கள்தான் இருக்கும். மூன்று உருண்டைக்கு மூன்று வேறுவேறு சாம்பல் தெரிந்தால் டிசைன் தெளிவாக வரும். இரண்டு ஒன்றுபோலத் தெரிந்தால் அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும் டிசைனைப் போடாதீர்கள். அல்லது ஒன்றை மாற்றுங்கள்.

கண் ஏமாறுவது எங்கே என்றால் பளிச்சென்ற நிறங்களில். மஞ்சள் எவ்வளவு அழுத்தமாக இருந்தாலும் வெளிர்தான். கத்தரிப்பூ நிறம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அடர்தான். ராணி கலரும் கிளிப்பச்சையும் பார்வைக்குச் சண்டை போடும்; கறுப்பு வெள்ளையில் சில சமயம் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழும். இப்படிச் சம அடர்த்தியில் இருக்கும் இரண்டு பளிச் நிறங்கள் ஒட்டி வந்தால், அகலக் கோடாக இருக்கும்போது ஓரம் கண்ணில் துடிக்கும். ஒன்றிரண்டு கண்ணிகளாகச் சிதறி வந்தால் கலந்து மங்கிவிடும். தொப்பிக்கு நடந்தது இரண்டாவது. சிவப்பு, பச்சை போன்ற எதிரெதிர் நிறங்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கலக்கும்போது தூரத்திலிருந்து பார்க்கும் கண் அவற்றைச் சேர்த்துப் பழுப்பாகவோ சாம்பலாகவோ வாங்கிக்கொள்கிறது. கடையில் உருண்டையாகப் பார்த்தபோது ஒவ்வொரு நிறமும் கையளவு இடத்தில் தனியாக நின்றது. பின்னலில் அதற்குக் கிடைத்தது ஒரு கண்ணி அளவு இடம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆண்களில் சிலருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது கடினம். வெளிர்-அடர் வித்தியாசம் இருந்தால் அவர்களுக்கும் டிசைன் தெரியும்.

நீங்கள் எப்போது சம அடர்த்தியை வேண்டுமென்றே எடுக்கலாம்? டிசைன் எதுவும் இல்லாமல், நிறம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்ல நழுவிப் போகும் போர்வையில். அங்கே ஓரம் தெரியாமல் இருப்பதுதான் அழகு.

3. புடவை சொல்லிக் கொடுக்கும் கணக்கு

நிறங்களை எடுத்துவிட்டோம், எது எவ்வளவு? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். மூன்று நிறத்தையும் சரிபங்காகப் போட்டுவிடுவார்கள். அப்புறம் எந்த நிறமும் எடுத்து நிற்காது.

ஒரு பட்டுப்புடவையை விரித்துப் பாருங்கள். உடல் ஒரு நிறம், அதுதான் பெரும் பரப்பு. கரை இன்னொரு நிறம், அதில் பாதிக்கும் குறைவு. முந்தானை கரையின் நிறத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் அதிகமாகப் பேசும். உடலுக்கும் கரைக்கும் நடுவில் ஜரிகைக் கோடு ஒன்று மெல்லியதாக ஓடும். அந்தக் கோடு இல்லாவிட்டால் மாம்பழ மஞ்சளும் அரக்கும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். கோடு இருப்பதால் இரண்டும் மரியாதையாக ஒதுங்கி நிற்கின்றன.

இதையே பின்னலுக்குக் கொண்டு வாருங்கள். நூறு பங்கில் 60 பங்கு உடல் நிறம், 30 பங்கு கரை நிறம், 10 பங்கு கண்ணை இழுக்கும் ஒரு துள்ளல் நிறம். அறைக்கு வண்ணம் தீட்டுகிறவர்களும் இதே கணக்கைத்தான் சொல்வார்கள். எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம்; ஒன்று தெளிவாகப் பெரியதாகவும் ஒன்று தெளிவாகச் சிறியதாகவும் இருக்கட்டும். இரண்டு நிறம் ஒட்டாமல் முரண்டு பிடித்தால் நடுவில் ஜரிகைக் கோடு போல இரண்டு வரிசை சந்தனமோ சாம்பலோ கறுப்போ ஓட்டுங்கள். திண்ணையில் நான் அதிகம் சொல்லும் யோசனை இது. பாதிப் பின்னலில் வந்து அழுகிறவர்களுக்கு இது பல தடவை கைகொடுத்திருக்கிறது.

புடவையிலிருந்து எடுக்க வேண்டிய இன்னொன்று, இரட்டை ஷேடு. மயில் கழுத்து என்று ஒரு சாயம் கிடையாது. பாவில், அதாவது நீளவாட்டு இழையில் நீலம்; ஊடையில், அதாவது குறுக்கு இழையில் பச்சை. துணி அசையும்போது ஒரு தரம் இது, ஒரு தரம் அது. மாந்துளிருக்கும் அப்படித்தான், சிவப்பும் பச்சையும் நெசவில் குறுக்கே குறுக்கே போய் அந்தத் தளிர் நிறத்தைக் கொடுக்கின்றன. பின்னலில் இதைச் செய்வது சுலபம். மெல்லிய நூல் இரண்டை ஒன்றாகப் பிடித்துப் பின்னுங்கள், ஒன்று ஆனந்தா நீலம், ஒன்று ராமர் பச்சை. எம்பிராய்டரியில் இன்னும் சுலபம். ஆங்கர், டிஎம்சி நூல்கண்டுகள் ஆறு இழை சேர்ந்தவை, 8 மீட்டர் நீளம். இரண்டு கண்டிலிருந்து ஒவ்வொரு இழை பிரித்து ஒரே ஊசியில் கோத்துக்கொண்டால் கடையில் விற்காத நிறம் உங்கள் கையில் இருக்கும். நான் இலை நரம்பு போடும்போது பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன். ஒற்றை நிறத்தில் போட்ட இலை பிளாஸ்டிக் மாதிரி இருக்கும்.

4. நிறச் சக்கரத்திலிருந்து தேவையானது

நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் சக்கரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்று உறவுகள் தெரிந்தால் போதும்.

அடுத்தடுத்து இருப்பவை அமைதியாகச் சேரும்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அல்லது பச்சை, மயில் கழுத்து, நீலம். முதல்முறை பின்னுகிறவர்கள் இதில் தொடங்கினால் ஏமாற்றம் இருக்காது, வெளிர்-அடர் மட்டும் பார்த்துக்கொண்டால்.

எதிரெதிரே இருப்பவை ஒன்றையொன்று தூக்கிக் காட்டும்: சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்குக் கத்தரிப்பூ நிறம். இவற்றை ஒருபோதும் சரிபாதியாகப் போடாதீர்கள். ஒன்று கடல், மற்றது படகு என்று இருக்கட்டும்.

மூன்றாவது, ஒரே நிறத்தின் ஆழங்கள். இதில் நம் பக்கத்துக்கு ஒரு பழைய உறவு இருக்கிறது. தென்னாற்காட்டில் அவுரி விளைந்தது. அவுரிச் சாயம் ஏற்றிய ‘கினே’ என்ற நீலத்துணி புதுச்சேரியிலிருந்து 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அவுரித் தொட்டியிலிருந்து வெளியே எடுக்கும்போது நூல் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். காற்று பட்டதும் கண் முன்னாலேயே நீலமாக மாறும். மறுபடி முக்கினால் இன்னும் அடர்த்தி. ஒரே தொட்டியில் ஒரு முக்கு, மூன்று முக்கு, எட்டு முக்கு என்று எடுத்தால் வானத்தின் வெளுப்பிலிருந்து நடுக்கடலின் கருநீலம் வரை கிடைக்கும். அத்தனையும் ஒரே தாய்ப்பிள்ளைகள், சேராமல் போகவே போகாது. இளநீலம், எம்.எஸ். நீலம், கருநீலம் மூன்றையும் எடுத்து ஒரு மேஜை விரிப்புப் பின்னிப் பாருங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் மாம்பழ மஞ்சள் இரண்டு வரிசை.

பக்கத்து நிறம் ஒரு நிறத்தை என்ன செய்யும் என்பதற்கு ஒரு நல்ல உண்மைச் சம்பவம் உண்டு. மிஷெல் எழேன் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1824இல் பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்தார். கறுப்பு நூலில் கருமை போதவில்லை என்று புகார். நூலைச் சோதித்தார், சாயத்தில் குறை இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால்தான் கறுப்பு வெளிறித் தெரிந்தது. இதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1839இல் ஒரு விதியாகவே எழுதி வெளியிட்டார்: ஒவ்வொரு நிறமும் பக்கத்தில் இருப்பதைத் தன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளிக் காட்டும். நமக்கு இதன் பயன் என்ன? சாம்பல் நூலைக் குங்குமச் சிவப்புக்கு நடுவில் வைத்தால் அந்தச் சாம்பலில் லேசாகப் பச்சை தட்டும். அதனால் எந்த நிறத்தையும் தனியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் எது வரப்போகிறதோ அதோடு சேர்த்துப் பாருங்கள்.

5. சூடான சிவப்பு, குளிர்ந்த சிவப்பு

இரண்டு சிவப்பு சேரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். குங்குமச் சிவப்பில் ஆரஞ்சு ஒளிந்திருக்கும். ராணி கலரில் நீலம் ஒளிந்திருக்கும். கிளிப்பச்சையில் மஞ்சள், மயில் கழுத்தில் நீலம். ஒளிந்திருக்கும் நிறம் ஒன்றாக இருந்தால் வெளியே தெரியும் நிறங்கள் வேறாக இருந்தாலும் உறவு கொண்டாடும்.

கண்டுபிடிக்க வழி: அச்சடிக்கும் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அதன் மேல் நூலை வையுங்கள். பக்கத்தில் அதே நிறக் குடும்பத்து நூல் இன்னொன்றை வையுங்கள். தனியாக இருக்கும்போது எல்லாமே ‘சிவப்பு’தான், இரண்டாவது வந்ததும் எது மஞ்சள் பக்கம், எது நீலம் பக்கம் என்று சட்டென்று தெரிந்துவிடும்.

வெள்ளையிலும் இது உண்டு, பலரும் கவனிப்பதில்லை. பால் வெள்ளை, சந்தன வெள்ளை, நீலம் போட்ட சலவை வெள்ளை. சந்தன வெள்ளைக்குப் பக்கத்தில் சலவை வெள்ளை வந்தால் சந்தனம் அழுக்காகத் தெரியும். ஒரு பின்னலில் ஒரு வெள்ளை போதும். நம் தோல் நிறத்துக்கும் நம் வீட்டுச் சுவர்களுக்கும் பெரும்பாலும் சந்தன வெள்ளையே பொருந்துகிறது என்பது என் அனுபவம்.

6. ஊரிலிருந்து எடுங்கள்

இணையத்தில் யாரோ போட்ட நிறப்பட்டியலைவிட நம் கண்ணில் தினமும் படுவது நல்ல ஆசான். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்தில் ரோமன் ரோலண்ட் வீதி, டூமா வீதிப் பக்கம் காலை எட்டு மணிக்கு ஒரு நடை போங்கள். சுவர் முழுக்கக் கடுகு மஞ்சள். ஜன்னலைச் சுற்றி வெள்ளைப் பட்டை. மதிலுக்கு மேல் காகிதப்பூ, அடர்ந்த ரோஜா நிறத்தில். அதன் அடியில் கொஞ்சம் பச்சை. எது எவ்வளவு என்று பாருங்கள்: மஞ்சள் அள்ளிக் கொட்டியிருக்கிறது, வெள்ளை ஒரு கரை அளவு, ரோஜா நிறம் ஒரு பிடி. மூன்றாவது பகுதியில் சொன்ன கணக்குச் சுவரில் எழுதியிருக்கிறது. அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்களின் சாம்பலும் வெள்ளையும் இன்னொரு பாடம். நம் புதுச்சேரிப் போலீஸ்காரர் தலையில் இருக்கும் சிவப்புக் கெப்பித் தொப்பியையும் கவனியுங்கள். எவ்வளவு சின்ன சிவப்பு, எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது!

கடலூர்க்காரர்களுக்குப் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றே போதும். சீசனில் ஒரு பழத்தை வெட்டி வைத்தபடி உட்கார்ந்து பாருங்கள். வெளியே பச்சையும் பழுப்பும் கலந்த முள்தோல். உள்ளே பால் வெள்ளையில் நடுத்தண்டு. வெளிர் மஞ்சளில் சடை. சுளையில் பொன் மஞ்சள். கொட்டையில் மங்கின பழுப்பு. ஐந்து நிறம், அதில் இரண்டு வெளிர், இரண்டு நடுத்தரம், ஒன்று அடர். இதை அப்படியே எடுத்து ஒரு கைப்பை பின்னினேன். பச்சைப்பழுப்பு உடல், பொன் மஞ்சள் பட்டை, வாய்ப்புறத்தில் மட்டும் பால் வெள்ளை. கேட்காதவர்கள் இல்லை. பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனவர்களுக்கு அடர்பச்சை, சேற்றுப் பழுப்பு, வானம் விழுந்த நீரின் சாம்பல் என்று இன்னொரு தொகுப்பு கிடைக்கும்.

செய்முறை: படம் எடுங்கள். பெரிதாக்கி, ஐந்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கட்டாயம் ஒன்று மிக வெளிர், ஒன்று மிக அடர் இருக்கட்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு நடுத்தர நிறங்களாகவே எடுத்தால் பின்னல் சப்பென்று இருக்கும். படத்தின் நிறத்துக்கு அச்சு அசலாக நூல் தேடி அலைய வேண்டாம். உறவு சரியாக இருந்தால் போதும்.

7. அட்டையில் சுற்றிப் பாருங்கள்

கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். நீங்கள் நினைத்த பங்கில் நூலைச் சுற்றுங்கள்: உடல் நிறம் பன்னிரண்டு சுற்று, கரை ஆறு, துள்ளல் இரண்டு. இரண்டாவது அட்டையில் பங்கை மாற்றுங்கள். மூன்றாவதில் ஒரு நிறத்தையே மாற்றுங்கள். ஒரு அட்டைக்கு அஞ்சு நிமிடம் ஆகாது. மூன்றையும் சுவரில் ஒட்டிவைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போகும்போது எது கண்ணை இழுக்கிறதோ அதுதான்.

கோடுகளுக்கு இந்த அட்டை போதும். பூ, இலை, கட்டம் என்று இரண்டு நிறம் கண்ணிக்குக் கண்ணி கலக்கும் டிசைனுக்குப் போதாது. அதற்கு உள்ளங்கை அளவு மாதிரி ஒன்று பின்னியே ஆக வேண்டும். தொப்பிப் பெண் செய்யாமல் விட்டது அதைத்தான். மாதிரியைப் பின்னி, கதவில் குத்தி வைத்து, அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள். அப்புறம் டியூப் லைட்டில் ஒருமுறை, மஞ்சள் பல்பில் ஒருமுறை. பகலில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நூல் விளக்கில் பிரிந்து தெரிவது சாதாரணம்.

8. கைவேலைக்குக் கைவேலை மாறும்

இரண்டு ஊசிப் பின்னலில் கோடு போடும்போது இரட்டைப்படை வரிசைகளாக வையுங்கள். அப்போதுதான் நூல் கிளம்பிய ஓரத்துக்கே திரும்பி வரும், ஒவ்வொரு தரமும் வெட்ட வேண்டாம். ஒரே அகலக் கோடுகள் சலிப்புத் தட்டினால் 2, 4, 6, 10, 16 என்று வரிசைகளை வளர்த்துப் பாருங்கள். முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது. கண்ணுக்கு ஒழுங்கும் இருக்கும், எதிர்பாராததும் இருக்கும். நிறம் மாறும் வரிசையில் பர்ல் பக்கம், அதாவது கண்ணிகள் மேடாகத் தெரியும் பக்கம், பழைய நிறம் புள்ளி புள்ளியாக எட்டிப்பார்க்கும். நிட், பர்ல் கண்ணிகள் மாறி மாறி வரும் ரிப் பின்னும்போது இது கரையையே உடைத்துக் காட்டும். புது நிறத்தின் முதல் வரிசையை முழுவதும் நிட் ஆகவே போட்டுவிட்டு அடுத்த வரிசையிலிருந்து ரிப்பைத் தொடர்ந்தால் கோடு சுத்தமாக இருக்கும்.

இரண்டு நிறத்தையும் ஒரே வரிசையில் எடுத்துப் போகும் டிசைனில் ஒரு நுணுக்கம் உண்டு. பின்பக்கம் எந்த நூல் கீழே ஓடுகிறதோ அது முன்பக்கம் சற்றே பெரிதாக, தூக்கலாகத் தெரியும். பூவின் நூலை எப்போதும் கீழே, பின்னணி நூலை எப்போதும் மேலே வையுங்கள். நடுவில் மாற்றிவிட்டால் பாதிப் பூ பளிச்சென்றும் பாதி மங்கலாகவும் வரும். எங்கே தப்பு என்றே பிடிபடாது.

குரோஷேயில் புது நிறத்தை, முந்தைய கண்ணியை முடிக்கும் கடைசி இழுப்பிலேயே கொண்டுவர வேண்டும். கண்ணி முடிந்த பிறகு மாற்றினால் அடுத்த கண்ணியின் தலையில் பழைய நிறம் உட்கார்ந்திருக்கும்.

ஒயர் கூடைக்கு வருவோம். ஒயர் பளபளக்கும், நிறமும் பெரும்பாலும் கூச்சலானவை. நெல்லிக்காய் முடிச்சில் வெளிச்சம் ஒவ்வொரு முண்டிலும் பட்டுத் தெறிப்பதால் ஒற்றை நிறமே போதுமான அழகு. கைப்பிடியும் வாய் ஓரமும் மட்டும் மாற்றுங்கள். சிவன் கண் கூடை வேறு. அதில் வடிவமே நிறத்தால்தான் பிறக்கிறது. அதனால் கண் வெளிர், சுற்றிலும் அடர், அல்லது தலைகீழாக. போன் சோதனையை இங்கே தவறாமல் செய்யுங்கள். சந்தைக்குப் போகும் கூடையின் அடிப்பக்கம் அடர்நிறமாக இருக்கட்டும் என்று என் அம்மா சொல்வார், அழுக்கு தெரியாது.

ஒரே உருண்டையில் பல நிறம் வரும் நூல் ஒரு தனி ஆசை. அதற்குப் பெரிய டிசைன் எதுவும் வேண்டாம், நிறமே டிசைனைத் தின்றுவிடும். பக்கத்தில் ஒற்றை நிறம் ஒன்றை வைத்து இரண்டிரண்டு வரிசையாக மாற்றிப் பின்னுங்கள். அந்த ஒற்றை நிறம் உருண்டைக்குள் இருக்கும் நிறங்களில் மிகக் குறைவாக வருவதாக இருந்தால் மிகவும் நன்றாக இருக்கும்.

9. வாங்கும்போது

நேரு வீதியிலோ, கடலூர் மஞ்சக்குப்பத்திலோ, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையிலோ, எங்கே வாங்கினாலும் உருண்டையைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்கு எடுத்து வந்து பார்க்கிறேன் என்று கேளுங்கள். யாரும் மறுத்ததில்லை.

உருண்டையின் சீட்டில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் சாயத் தொகுதி எண் ஒன்று இருக்கும். நிற எண் ஒன்றாக இருந்து தொகுதி எண் வேறாக இருந்தால் பின்னலில் ஒரு கோடு விழுந்த மாதிரி தெரியும். வேலைக்கு வேண்டியதை மொத்தமாக ஒரே தொகுதியில் வாங்கிவிடுங்கள். கிடைக்கவே இல்லையென்றால் இரண்டு உருண்டையையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றிக்கொண்டே போனால் வித்தியாசம் கரைந்துவிடும்.

எவ்வளவு வாங்குவது? போர்வையைத் தொடங்கி, சமையலறைத் தராசில் உருண்டையை எடை போட்டுக்கொள்ளுங்கள். பத்து வரிசை பின்னி மறுபடி போடுங்கள். 8 கிராம் குறைந்தது என்றால் ஒரு வரிசைக்கு 0.8 கிராம். போர்வை 200 வரிசை என்றால் 160 கிராம். அதில் 60, 30, 10 பங்கு என்றால் 96, 48, 16 கிராம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்துக்கும் குஞ்சத்துக்கும் எப்போதும் எதிர்பார்த்ததைவிட அதிகம் இழுக்கும்.

கடைசியாக, சாயம் விடுகிறதா என்று பார்ப்பது. பருத்தியில் சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் நம்பாதீர்கள். ஒரு முழம் வெட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து மடித்து அழுத்தி, காயும்வரை விடுங்கள். நான் இதைச் செய்யாமல் அரக்கும் சந்தனமும் சேர்த்து ஒரு மேஜை விரிப்பு முடித்து, முதல் அலசலிலேயே சந்தனம் முழுக்க ரோஜா நிறமாகிப் போனது. நான்கு மாத வேலை. உப்புப் போடு, வினிகர் போடு, சாயம் நின்றுவிடும் என்பார்கள்; ஏற்கெனவே சாயமேற்றி வந்த பருத்தி நூலுக்கு அதை நம்ப வேண்டாம். சாயம் விடும் நூல் என்றால், தண்ணீர் தெளியும்வரை தனியாகத் திரும்பத் திரும்ப அலசிய பிறகு பின்னுங்கள், அல்லது வெளிர் நிறத்தோடு சேர்க்காதீர்கள்.

10. பின்னி முடித்த பிறகு சரியில்லை என்று தெரிந்தால்

பிரிப்பதற்கு முன் சில வழிகள் இருக்கின்றன. எல்லாமே வெளிறித் தெரிந்தால் சுற்றிலும் அடர்நிறத்தில் ஓரம் கட்டுங்கள். சட்டம் போட்ட படம் போல உள்ளே இருப்பது எழுந்து நிற்கும். இரண்டு நிறம் முட்டிக்கொண்டால் எல்லைக் கோட்டில் சந்தன நூலால் சங்கிலித் தையல் ஓட்டுங்கள், ஜரிகைக் கோடு கிடைத்துவிடும். பருத்தி என்றால் மொத்தத்தையும் மெல்லிய தேயிலைச் சாற்றில் ஊறவைத்து எல்லா நிறத்துக்கும் ஒரே பழுப்பைக் கொஞ்சம் ஏற்றலாம். உறவில்லாத நிறங்கள்கூட ஒரு வீட்டுப் பிள்ளைகளாகிவிடும். அக்ரிலிக்கில் இது ஏறாது.

அந்தத் தொப்பிக்கு நாங்கள் செய்தது வேறு. பின்னிய கண்ணியின் மேலேயே, அதே வளைவில், ஊசியால் இன்னொரு நூலை ஓட்டுகிற முறை ஒன்று இருக்கிறது. நூல் அதே தடிமனாக இருக்க வேண்டும், இழுத்துப் பிடிக்கக் கூடாது; கண்ணியை மூடினாற்போல் படிந்தால் போதும். சந்தன நூல் எடுத்து ஒவ்வொரு இலையையும் அப்படி மூடினாள். முதல் இலை முடிந்ததும் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினாள். இலை தெரிந்தது. மொத்தம் பதினாறு இலை, இரண்டு சாயங்காலம் ஆனது. தொப்பியை உள்பக்கம் திருப்பினால் பழைய பாசிப்பச்சை இன்னும் அப்படியே இருக்கிறது.